கரியைச் சுமந்த தண்ணீர்

இட்லிக்கு அரைக்கும்போது மாவில் தண்ணீர் ஒரு கரண்டி கூடிவிட்டால் நமக்கு எவ்வளவு வருத்தம்! அமெரிக்காவில் ஒரு கம்பெனி நிலக்கரியை மாவாக அரைத்து, பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் கரைத்து, முப்பத்தைந்து வருஷ காலம் குழாயில் ஓட விட்டது. அதுவும் எங்கே? மழையே அபூர்வமான ஒரு வறண்ட பூமியில்!

அரிஸோனா மாகாணத்தின் வடகிழக்கு மூலையில் 'பிளாக் மேஸா' என்று ஒரு பீடபூமி இருக்கிறது. நவஹோ, ஹோப்பி என்ற இரண்டு ஆதிக்குடிகளின் சொந்த மண் அது. இரண்டு குடிகளிலும் வம்சம் தாய் வழியாகத்தான் வருகிறது. ஹோப்பிகள் வானத்தை நம்பி மக்காச்சோளம் விதைப்பவர்கள். ஊற்றுக்கண் என்றால் அவர்களுக்குக் கோயில் மாதிரி. நவஹோக்கள் ஆடு வளர்ப்பவர்கள். நவஹோ வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு இன்றைக்கும் குழாய்த் தண்ணீர் கிடையாது. பீப்பாயில் நிரப்பிப் பல மைல் வண்டியில் கொண்டு வந்துதான் சமையல், குளியல் எல்லாம்.

இந்த மண்ணுக்கடியில் ஏராளமான நிலக்கரி. அதை வெட்ட 'பீபாடி' கம்பெனி வந்தது. கரி போய்ச் சேரவேண்டிய மின்சார நிலையமோ 440 கிலோமீட்டருக்கு அப்பால், நெவாடா மாகாணத்து லாஃப்லினில். ரயில் பாதை போடுவதற்குப் பதிலாகக் கரியைக் கரைத்துக் குழாய் வழியே அனுப்பலாம் என்று முடிவாயிற்று. கூழாகிய கரி மூன்று நாள் போலப் பிரயாணம் செய்து போய்ச் சேரும்.

சரி, தண்ணீருக்கு என்ன வழி? பூமிக்கடியில் 'நவஹோ மணற்பாறை' என்ற அடுக்கில் தெளிவான குடிதண்ணீர் இருந்தது. கம்பெனியின் கிணறுகள் 3,000 அடிக்கும் கீழே இறங்கின. அங்கே ஊறிக் கிடந்ததில் பெரும்பகுதி நேற்றுப் பெய்த மழை அல்ல. பனியுகத்தில், பல்லாயிரம் வருஷங்களுக்கு முன் பெய்தது!

கையெழுத்துப் போட்ட கதை

ஆதிக்குடிகளுக்கு ஒதுக்கிய நிலத்தோடு தண்ணீர் உரிமையும் சேர்ந்தே போகிறது என்று 1908-லேயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அந்தக் குடிகளின் சம்மதம் வேண்டும். 1964-லும் 1966-லும் குத்தகைப் பத்திரங்கள் கையெழுத்தாயின. தண்ணீருக்குக் கிடைத்த விலை சொற்பம்.

ஹோப்பிகளுக்கு வக்கீலாக இருந்தவர் ஜான் போய்டன். அவர் காலமான பிறகு, அவர் விட்டுச் சென்ற தஸ்தாவேஜுகளைச் சட்டப் பேராசிரியர் சார்ல்ஸ் வில்கின்ஸன் புரட்டிப் பார்த்தார். அதே காலத்தில் பீபாடி கம்பெனிக்கும் போய்டன் வேலை பார்த்ததாகத் தெரிய வந்தது! கலியாணத் தரகர் இரண்டு வீட்டிலும் தரகு வாங்குவது உலக வழக்கம். ஆனால் வக்கீல்?

சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 1 கோடியே 30 லட்சம் லிட்டர் தண்ணீர் மேலே ஏறியது. வருஷங்கள் போகப் போக, ஊற்றுகள் சுருங்குகின்றன, ஓடைகள் வற்றுகின்றன என்று ஜனங்கள் முறையிட்டார்கள். "பூமிக்கடியில் இருப்பது பெருங்கடல், நாங்கள் எடுப்பது ஒரு துளி" என்ற தோரணையில் கம்பெனி பதில் சொல்லிற்று. சுரங்கத்தைக் கண்காணித்த அரசாங்க இலாகா பெரிய சேதம் ஏதும் இல்லை என்றது. சுற்றுச்சூழல் சங்கத்தினர் அதை மறுத்தார்கள். கிணறுகள் சிலவற்றில் நீர்மட்டம் இறங்கியதை மட்டும் அளவுகோல் மறைக்கவில்லை.

ஹோப்பிகளின் முன்னாள் தலைவர் வெர்னன் மஸாயெஸ்வா 1990-களின் கடைசியில் ஓர் அமைப்பைத் தொடங்கி, தண்ணீரைக் காப்பாற்றுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். மின்சார நிலையத்தின் புகையை எதிர்த்தும் வழக்கு நடந்தது. புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகளைப் பொருத்தாமலே 2005 டிசம்பர் 31-ம் தேதி நிலையம் மூடப்பட்டது. கரிக்குழம்பு ஓடுவதும் அன்றோடு நின்றது.

கதை இங்கே சுபமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் அன்று சம்பளமும் நின்றது. ஹோப்பிகளின் பொக்கிஷத்துக்கு நிலக்கரிப் பணமே பெரிய ஆதாரமாக இருந்தது. 2019-ல் பக்கத்திலிருந்த இன்னொரு சுரங்கமும் மூடியபோது அதுவும் அற்றுப் போயிற்று. 2023-ல் நவஹோக்கள் சுப்ரீம் கோர்ட் வரை போய், "எங்களுக்கு வேண்டிய தண்ணீருக்கு அரசாங்கம் வழி செய்யவேண்டும்" என்று கேட்டார்கள். ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர், 1868-ம் வருஷத்து உடன்படிக்கை அப்படி ஒரு கடமையை விதிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பீப்பாயோடு பல மைல் போய் வருகிற ஒரு நவஹோ தாயாருக்கு, ஒரு நாளைக்கு எத்தனை குடம் போதும், எத்தனை குடம் மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் அவளையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.