இலைக்குள் ஒரு சுரங்கம்

ஒரு வகுத்தல் கணக்கு போடலாமா? கோலார் தங்க வயலில் 1880இல் பெரிய அளவில் சுரங்க வேலை தொடங்கியது, 2001இல் நின்றுபோனது. அதுவரை வெட்டியெடுத்த தாதுப் பாறை சுமார் 5 கோடி டன். கிடைத்த தங்கம் சுமார் 800 டன். அப்படியென்றால் ஒரு டன் பாறைக்கு எவ்வளவு? 16 கிராம். ஒரு டன் கல்லுக்கு இரண்டே சவரன்!

மீதிக் கல் எங்கே போனது? அந்த ஊரில் குன்று குன்றாக நிற்கிறதே, சயனைடு மேடு, அதுதான். பாறையை மாவாக அரைத்தார்கள். சயனைடு கரைசலில் ஊறவைத்ததும் தங்கம் அதில் கரைந்தது. துத்தநாகத்தைப் போட்டு அதைப் பிரித்தெடுத்தார்கள். சக்கையைக் கொட்டிய இடம் மேடாகிவிட்டது.

இதே வேலையை இலையிலும் செய்கிறார்கள், தெரியுமா?

வாசலோரம் ஐந்து இதழோடு இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும் நித்யகல்யாணியைப் பார்த்திருப்பீர்கள். ஆடுகூட அதில் வாய் வைக்காது. அவ்வளவு கசப்பு! செடியால் ஓட முடியாது அல்லவா? தன்னைக் காத்துக்கொள்ள இலைக்குள் ரசாயனங்களைச் செய்து வைத்துக்கொள்கிறது.

மடகாஸ்கர் தீவில் பிறந்த இந்தச் செடி உலகம் முழுக்கப் பரவியது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். 1952இல் அங்கிருந்து ஓர் உறையில் 25 இலைகள் கனடாவுக்கு வந்தன. ராபர்ட் நோபிள் என்ற விஞ்ஞானி அவற்றின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரை குறையவே இல்லை. சாற்றை ஊசியில் ஏற்றினார். எலிகள் நோய்த்தொற்று வந்து செத்தன.

'சரி, உதவாத இலை' என்று தூக்கிப் போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. ஏன் செத்தன என்று ரத்தத்தைச் சோதித்தார். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்திருந்தன. ரத்தப் புற்றுநோயில் தறிகெட்டுப் பெருகுவதும் வெள்ளை அணுக்கள்தானே!

சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் அவரோடு சேர்ந்தார். சாற்றைப் பல பங்காகப் பிரித்தார்கள். எந்தப் பங்கு வேலை செய்கிறது என்று பார்த்து, அதை மறுபடி பிரித்தார்கள். 1958இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்து தனியாகக் கிடைத்தது. ஒரு கிராம் எடுக்க அரை டன் காய்ந்த இலை வேண்டும். கோலார் பாறையே தாராளம் என்று தோன்றுகிறதா? அமெரிக்காவில் இதே செடியை ஆராய்ந்த குழு வின்கிரிஸ்டின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு, மற்ற மருந்துகளோடு சேர்த்து, இன்றும் அதைத் தருகிறார்கள்.

சுரங்கத்துக்கும் இலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தங்கமா என்று பார்க்க உரைகல் இருக்கிறது. இலைக்குள் இருப்பது இன்னதென்றே தெரியாதபோது எதில் உரசுவது? உயிருள்ள செல்தான் அங்கே உரைகல். கிருமியின்மேல், புற்றுநோய்ச் செல்லின்மேல் ஒவ்வொரு சாறாக விட்டுப் பார்ப்பார்கள். நம் நாட்டில் லக்னோவில் 1951இல் தொடங்கிய மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இந்தியச் செடிகளை இப்படி வரிசையாகச் சோதித்திருக்கிறது.

ஆனால் ஒன்று: மருந்து இருக்கிறதே என்று இலையை மென்றுவிடாதீர்கள். எலிகளுக்கு என்ன ஆனது என்று படித்தீர்கள் அல்லவா? நித்யகல்யாணி நச்சுச் செடி. அளவும் பக்குவமும் மருத்துவருக்குத்தான் தெரியும்.

நீங்கள் செய்யக்கூடிய வேலை வேறு. ஒரு செடியின் சிறு கிளையைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவிடுங்கள். தாளில் ஒட்டி, உங்கள் ஊரில் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள், எங்கே பறித்தீர்கள், எந்தத் தேதி என்று எழுதுங்கள். பெரிய ஆராய்ச்சி நிலையத்திலும் முதல் வேலை இதுதான். எந்தச் செடி, எந்த ஊர் என்று குறிக்காத இலையில் மருந்தே கிடைத்தாலும், வழி தொலைந்த சுரங்கம்போலத்தான். மறுபடி தோண்டப் போக முடியாது!