அப்பா கற்றுத் தந்த மொழி

1919-ஆம் ஆண்டு, டிசம்பர் 5-ந் தேதி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து யூதர்களின் ஜெப ஆலயத்தில் வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனை முடிந்தது. ஒரு பெண்மணி மேடை ஏறினார். அந்த வாரத்து வேத பாகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார்.

பிரிட்டனின் வைதிக யூத ஆலயம் ஒன்றில் ஒரு பெண் பிரசங்கம் செய்தது அதுவே முதல் தடவை. கேட்க வேண்டுமா? சர்ச்சை கிளம்பியது. தலைமைக் குருவான ஹெர்ட்ஸ் சாமர்த்தியமாகத் தீர்ப்புச் சொன்னார்: கடைசிப் பிரார்த்தனையும் முடிந்த பிறகுதானே அந்த அம்மையார் மேடை ஏறினார்? ஆகையால் ஆசாரத்துக்குப் பங்கம் இல்லை!

யார் அந்த அம்மையார் என்று கேட்கிறீர்களா? நீனா சாலமன் என்ற கவி. 1877-ல் டார்பி நகரில் பிறந்தவர். தகப்பனார் ஆர்தர் டேவிஸ், நுட்பமான கருவிகள் செய்யும் தொழிலில் இருந்தவர். யூதர்களின் வேத மொழியான ஹீப்ருவைத் தாமே முயன்று கற்றவர். அந்தக் காலத்தில் ஹீப்ருப் புலமை ஆண்களின் சொத்து. ஆனால், "பெண்களுக்கு எதற்கு?" என்று டேவிஸ் ஒதுக்கிவிடவில்லை. எல்ஸி, நீனா என்ற தம் இரு பெண்களுக்கும் தாமே அதைக் கற்பித்தார்.

பாடம் வீண் போகவில்லை. இடைக்கால ஹீப்ருக் கவிகளின் பாடல்களை நீனா ஆங்கிலச் செய்யுளாக்கி, 1901-ல் நூலாகத் தந்தார். பண்டிகைப் பிரார்த்தனை நூல் ஒன்றின் பாடல்களைச் சகோதரிகள் இருவரும் நாவலாசிரியர் இஸ்ரேல் ஸாங்வில்லுடன் சேர்ந்து மொழிபெயர்த்தார்கள். அந்த நூலைப் பதிப்பித்தவர்களில் தகப்பனாரும் ஒருவர்!

1901-லேயே நீனாவுக்குக் கல்யாணமும் நடந்தது. கணவர் ரெட்கிளிஃப் சாலமன் வைத்தியர். காசநோய் கண்டதால் தொழிலை விட்டு, பார்லி என்ற கிராமத்தில் குடியேறி, உருளைக்கிழங்கு ஆராய்ச்சியில் இறங்கிப் பெரும் புகழ் பெற்றார். தோட்டத்தில் கணவருக்குக் கிழங்கு. வீட்டுக்குள் மனைவிக்குக் கவிதை! ஆறு குழந்தைகளைப் பெற்ற நீனா, பிள்ளைகளுக்கு ஹீப்ரு சொல்லித்தர வாத்தியாரைத் தேடவில்லை. தகப்பனாரைப் போலத் தாமே கற்பித்தார்.

ஸ்பெயினில் பிறந்து, முதிய வயதில் ஜெருசலேமை நாடிக் கடற்பயணம் புறப்பட்ட கவி யூதா ஹலேவி. அவருடைய பாடல்களை நீனா மொழிபெயர்த்த நூல் 1924-ல் வெளிவந்தது. மறு ஆண்டு பிப்ரவரியிலேயே அவர் காலமானார். வயது 47தான்.

வாசகர்களே, கேம்பிரிட்ஜ் மேடையில் அன்று ஒலித்தது நீனாவின் குரல் மட்டுமா? பெண் குழந்தைக்கும் பாடம் உண்டு என்று எண்ணிய ஒரு தகப்பனாரின் குரலும் அல்லவா!