கத்தி வாங்கப் போறீங்களா? காந்தத்தையும் எடுத்துக்குங்க!

சின்னமனூர் சித்தி வீட்டுக்குப் போனபோது அவருடைய ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு! "வாழைத்தண்டு நறுக்கினேன்டி. புதுக் கத்திதான், ஆனா வெட்டவே மாட்டேன்னுச்சு. ஒரு அழுத்து அழுத்தினேன், வழுக்கி விரல்ல இறங்கிருச்சு" என்றார். சித்திக்குச் சர்க்கரை வேறு உண்டு. மூன்று தையல் போட்ட புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

கூரான கத்தியைக் கண்டுதான் நாம் பயப்படுகிறோம். ஆனால், மழுங்கின கத்தியில்தான் கூடுதலாக அழுத்துகிறோம். அது நினைக்காத பக்கம் ஓடிவிடுகிறது. சரி... பளபளவென்று இருந்த புதுக் கத்தி ஏன் வெட்டவில்லை?

ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒட்டவே இல்லை! தட்டு, டம்ளர் செய்கிற ரக எவர்சில்வரிலேயே கத்தியும் செய்துவிட்டார்கள். இந்த ரகத்தில் பேர்போனது 18/8. அதாவது 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துரு அண்டாது. ஆனால் எவ்வளவுதான் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் இறுகாது. இறுகாத உலோகத்தில் கூர் எப்படி நிற்கும்?

கத்திக்கு உறுதி கொடுப்பது கார்பன். '420' என்ற ரகத்தில் அது அரை சதவீதத்துக்கும் கீழே. சீக்கிரம் மழுங்கும், சுலபமாகத் தீட்டலாம். '440சி' ரகத்தில் சுமார் 1 சதவீதம். கூர் நாள்பட நிற்கும், தீட்டுவதற்குள் கை வலிக்கும். வீட்டுச் சமையலுக்கு அரை சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம் உள்ள ரகம் தாராளம். இவை எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டும். (ஒட்டினாலே உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். இறுகாத சில மட்ட ரகங்களிலும் ஒட்டும். ஒட்டாததைத் தள்ளிவிடலாம், அவ்வளவுதான்.)

பட்டறைக் கத்தி எப்படி?

கம்பம் பக்கம் ஒரு பட்டறையில் விசாரித்தேன். "இது லாரிப் பட்டையில அடிச்சது தாயி. கல்லுல நாலு இழுப்பு இழுத்தாப் போதும். ஆனா தொடைக்காமப் போட்டீங்கன்னா மறுநாளே துரு ஏறிரும்" என்றார் அந்த ஆசாரி. உண்மைதான். லாரி ஸ்பிரிங் பட்டையில் கார்பன் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். துருவைத் தடுக்கும் அளவுக்குக் குரோமியம் கிடையாது. உருக்கு நமக்குப் புதிதல்ல. தென்னிந்திய உருக்கை வாங்கி 1819-லேயே இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்திருக்கிறார்!

தேங்காய், கறி, வாழைத்தார் எல்லாவற்றுக்கும் பட்டறை இரும்பு ஜோர். பெரியகுளம் மாங்காய், எலுமிச்சை, வாழைப்பூ மூன்றுக்கும் வேண்டாம். புளிப்பும் துவர்ப்பும் இரும்போடு சேர்ந்தால் கறுத்துப் போகும். விஷமல்ல, பார்க்கச் சகிக்காது. 'அப்படின்னா இரும்பு அருவாமனையில் நறுக்கினா ரத்தசோகை போகுமா?' என்று ஒரு தோழி கேட்டாள். போகாது. இரும்புச் சட்டியில் கொதிக்கும் குழம்பில் இரும்பு இறங்கும். கத்தி பட்டு விலகும் நேரத்தில் இறங்குவது ஒன்றுமே இல்லை.

சாணை பிடிக்கக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். மெஷின் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் உறுதி போய்விட்டது என்று அர்த்தம்.

துருவும் ஜன்னியும்

துருப்பிடித்த கத்திதான் ரண ஜன்னியைக் கொண்டுவரும் என்பது முழு உண்மை அல்ல. ஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. எருப் போட்ட திராட்சைத் தோட்டத்தில் கீழே கிடந்த பளபளப்பான கவாத்துக் கத்திரியும் அதைக் கொண்டுவரும். வெட்டுப்பட்டால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டவே வேண்டாம். மண் பட்ட காயம், கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டிவிட்டது என்றால் அன்றைக்கே ஊசி போடுங்கள். ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மரத்துப் போனாலோ, மடங்காவிட்டாலோ வீட்டில் உட்காராதீர்கள். சர்க்கரைக்காரர்கள் சின்னக் காயத்தையும் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

சித்தி இப்போது இரண்டு கத்தி வைத்திருக்கிறார். பட்டறைக் கத்தி கறிக்கு மட்டும். கழுவித் துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி மாட்டிவிடுவார். காய்க்குக் காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் கத்தி. அந்தப் பழைய பளபளப்பு? "அதுல வெண்ணெய்தான் தடவிக்கிட்டு இருக்கேன் பேரனுக்கு" என்கிறார்.