ஐபோன் 13ஆ, 14ஆ? செகண்ட் ஹேண்ட் கைப்பேசி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

முதல் சம்பளம் வந்துவிட்டது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரும் கொம்யூட்டர் ரயிலில் உட்கார்ந்து விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே வருகிறீர்கள். ஒரே மாதிரி இரண்டு படங்கள். ஒன்று ஐபோன் 13, மற்றது ஐபோன் 14. இரண்டும் 128 ஜிபி. இரண்டுக்கும் கீழே “கண்டிஷன் 95 விழுக்காடு, ஃபுல் செட்” என்றுதான் எழுதியிருக்கிறது. விலையில் மட்டும் சில நூறு ரிங்கிட் வித்தியாசம்.

கடைக்காரரைக் கேட்டால், “பதினாலு புதுசு தம்பி, கொஞ்சம் கூடப் போட்டு எடுத்துருங்க” என்பார். நண்பனைக் கேட்டால், “ரெண்டும் ஒன்னுதான்டா, காச வீணாக்காத” என்பான். யார் சொல்வது சரி? இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காகிதத்தில் என்ன வித்தியாசம்?

ஐபோன் 13, 2021 செப்டம்பரில் அறிமுகமானது. ஐபோன் 14 அதற்கு அடுத்த ஆண்டு, 2022 செப்டம்பரில் வந்தது. மலேசியாவில் 128 ஜிபி ஐபோன் 13 முதலில் 3,899 ரிங்கிட்டுக்கும், ஐபோன் 14 முதலில் 4,199 ரிங்கிட்டுக்கும் விற்பனைக்கு வந்தன. புதிதாக இருந்தபோதே இரண்டுக்கும் இடைவெளி 300 ரிங்கிட்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசும்போது உதவும்.

மாறாதவை நிறைய. இரண்டிலும் திரை 6.1 அங்குலம். இரண்டிலும் திரை நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கப்படும். இரண்டும் பழைய லைட்னிங் கேபிளில்தான் சார்ஜ் ஆகும். யுஎஸ்பி-சி வேண்டுமென்றால் ஐபோன் 15க்குத்தான் போக வேண்டும். இரண்டிலும் இருப்பது ஏ15 சிப். ஆப்பிளின் புதிய செயற்கை நுண்ணறிவு வசதிகள் இரண்டிலுமே வேலை செய்யாது. அவை ஐபோன் 15 ப்ரோவிலிருந்துதான் தொடங்குகின்றன. யாராவது “பதினாலுல ஏஐ இருக்கு” என்று விற்றால், அந்த இடத்திலேயே நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம்.

அப்படியென்றால் மாறியது என்ன?

முதலில் நினைவகம். ஐபோன் 13இல் ரேம் 4 ஜிபி, 14இல் 6 ஜிபி. ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பி வரும்போது, பழையது மறுபடியும் முதலிலிருந்து திறக்கிறதா, விட்ட இடத்திலேயே நிற்கிறதா என்பதில் இது தெரியும். ஒரே சிப் என்றாலும் 14இல் படவேலையைக் கவனிக்கும் ஜிபியு பகுதியில் 5 கோர்கள், 13இல் 4. கேம் விளையாடுபவர்களுக்கு இது கொஞ்சம் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவது கேமரா. முதன்மைக் கேமரா இரண்டிலும் 12 மெகாபிக்சல்தான். ஆனால் 14இல் சென்சார் பெரியது, துளையும் எஃப்/1.6இலிருந்து எஃப்/1.5 ஆக விரிந்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். தைப்பூச இரவில் பத்து மலையிலோ, தீபாவளிக்கு முந்திய இரவில் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவிலோ எடுத்துப் பார்த்தால் தெரியும். 14இன் முன்பக்கக் கேமராவில் ஆட்டோ ஃபோகஸ் இருக்கிறது, 13இல் இல்லை. செல்ஃபி, வீடியோ அழைப்பு, டிக்டாக் என்று முன்பக்கக் கேமராவை நம்பியே வாழ்பவர்களுக்கு இதுதான் உண்மையான மாற்றம்.

மூன்றாவது, பழுதுபார்ப்பு. வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. உள்ளே 14இன் அமைப்பு வேறு. அதன் பின்பக்கக் கண்ணாடியைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். 13இல் அது உடலோடு ஒட்டியது. உடைந்தால் வேலையும் அதிகம், செலவும் அதிகம். பழைய கைப்பேசியை இன்னும் மூன்று வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

நான்காவது, விபத்தை உணரும் வசதி 14இல் மட்டும் உண்டு. கடுமையான கார் விபத்து நடந்ததாக உணர்ந்தால், நீங்கள் பதில் தராதபோது அது அவசர எண்ணை அழைக்கும். செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதியும் 14இல்தான் வந்தது. ஆனால் அது 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கிய சேவை. இங்கே அதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாவதாக ஒரு வழி

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஐபோன் 14இல் இருக்கும் அதே 5 கோர் ஜிபியு, அதே 6 ஜிபி ரேம், ஒரு வருடம் முன்பே ஐபோன் 13 ப்ரோவில் வந்துவிட்டது. அதோடு 13 ப்ரோவில் 120 ஹெர்ட்ஸ் திரையும், மூன்று மடங்கு நெருக்கிக் காட்டும் கேமராவும் உண்டு. எடை கொஞ்சம் கூடுதல், 200 கிராமுக்கு மேல். விபத்தை உணரும் வசதி கிடையாது. ஆனாலும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் 14க்குப் பக்கத்து விலையில் நல்ல 13 ப்ரோ கிடைத்தால், “புது எண்” என்ற ஒரே காரணத்துக்காக அதை விட்டுவிட வேண்டாம்.

ஒரு வருடம் பெரிய வித்தியாசமாகும் இடம்

ஐபோன் 13, 14 கதையை வைத்து எல்லாக் கைப்பேசிக்கும் தீர்ப்பு சொல்லக் கூடாது. சாம்சங் கேலக்சி எஸ்23, எஸ்24 இரண்டையும் பாருங்கள். எஸ்23, 2023 பிப்ரவரியில் வந்தது. அதற்கு ஐந்து வருடப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் என்று வாக்களிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் வந்த எஸ்24க்கு ஏழு வருடம். ஒன்று 2028 வரை, மற்றது 2031 வரை. வயதில் ஒரு வருடம் இளையது, ஆயுளில் மூன்று வருடம் கூடுதல்.

ஆப்பிள் இப்படி முன்கூட்டியே ஆண்டுக் கணக்கை விளம்பரப்படுத்துவது வழக்கமில்லை. நடந்ததை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் ஐஓஎஸ் 26 வந்தபோது, 2018இன் ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் விடப்பட்டன. 2019இன் ஐபோன் 11 தப்பித்தது. 13, 14 இரண்டுக்கும் அது கிடைத்தது. இரண்டிலும் ஒரே சிப் என்பதால், ஒரே காலத்தில் கைவிடப்படவும் வாய்ப்புண்டு. ஆகவே “பதினாலுக்கு ஒரு வருஷம் கூட அப்டேட் வரும்” என்பதற்காக மட்டும் பெரிய தொகை கொடுப்பது சரியாகாது.

மாடல் அல்ல, கையில் இருக்கும் அந்த ஒரு செட்

புதிதாக வாங்கும்போது மாடலைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். பழையதாக வாங்கும்போது, யாரோ ஒருவர் இரண்டு மூன்று வருடம் பயன்படுத்திய ஒரு குறிப்பிட்ட செட்டை வாங்குகிறோம். நன்றாக வைத்திருந்த 13, அடிபட்ட 14ஐ விட மேல். கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் இவற்றைப் பார்த்துவிடலாம்.

பேட்டரி: செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் அதிகபட்சக் கொள்ளளவைப் பாருங்கள். ஐபோன் 14 வரையான மாடல்களின் பேட்டரி, 500 முழு சார்ஜுக்குப் பிறகு 80 விழுக்காட்டுத் திறனோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. தினமும் சார்ஜ் செய்தவரின் கைப்பேசி இந்நேரம் அந்த எல்லையைத் தொட்டிருக்கும். பழைய போனில் 100 விழுக்காடு என்று காட்டினால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். பேட்டரி மாற்றப்பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். எந்தப் பேட்டரி என்பதுதான் கேள்வி.

பாகங்கள்: செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போங்கள். பேட்டரி, திரை, கேமரா மாற்றப்பட்டிருந்தால், பாகங்கள் பற்றிய தனிப் பகுதி ஒன்று அங்கே தெரியும். ஆப்பிள் பாகமா, “தெரியாத பாகமா” என்று அதுவே சொல்லிவிடும். அந்தப் பகுதியே இல்லையென்றால் பெரும்பாலும் நல்ல செய்தி.

மாடல் எண்: அதே பக்கத்தில் மாடல் எண்ணின் முதல் எழுத்து எம் என்றால் புதிதாக விற்கப்பட்டது. எஃப் என்றால் ஆப்பிள் புதுப்பித்து விற்றது. என் என்றால் பழுதுக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டது.

பூட்டு: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு வெளியேறாமல் இருந்தால், நீங்கள் வாங்கியது வெறும் கண்ணாடித் துண்டு. விற்பவர் கண்முன்னே கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுதாக அழித்து, வரவேற்புத் திரை வரை கொண்டுவரட்டும். யாருடைய கடவுச்சொல்லும் கேட்காமல் நீங்கள் உள்ளே போக முடிந்த பிறகுதான் பணம். “வீட்டுக்குப் போய் ரிமூவ் பண்ணி விடுறேன்” என்றால், “அப்போ வீட்டுக்குப் போய் பண்ணிட்டு வாங்கண்ணே, காத்திருக்கேன்” என்று சொல்லுங்கள்.

*#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். அது செட்டிங்ஸில் இருப்பதோடும் பெட்டியில் இருப்பதோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் சிம்மைப் போட்டு ஒருவருக்கு அழைத்துப் பேசுங்கள்.

மலேசியா செட்டா, ஏபி செட்டா?

லோ யாட் பிளாசாவிலிருந்து ஜாலான் தெங்கு கிளானா கடைகள் வரை இந்தக் கேள்வி வரும். வெளிநாட்டுக்காகத் தயாரான செட் விலை குறைவாக இருக்கலாம். 13இல் இது பெரிய தலைவலி இல்லை. 14இல் கவனம் தேவை. அமெரிக்காவுக்கான ஐபோன் 14இல் சிம் அட்டை போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். மாடல் எண் எல்எல்/ஏ என்று முடிந்தால் அது அமெரிக்க செட். சீனாவுக்கான செட்டில் இது தலைகீழ்: இரண்டு சிம் அட்டை போடலாம், இ-சிம் கிடையாது, அதன் எண் சிஎச்/ஏ என்று முடியும். உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத் திட்டம் எதற்கு ஒத்துவரும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கை இப்படிப் போடுங்கள்

விளம்பர விலையை அப்படியே ஒப்பிடாதீர்கள். அந்த செட்டை மூன்று வருடம் ஓட வைக்க என்ன ஆகும் என்பதைச் சேர்த்து ஒப்பிடுங்கள். கணக்குக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஐபோன் 13 விலை 1,300 ரிங்கிட், பேட்டரி 78 விழுக்காடு. ஐபோன் 14 விலை 1,600 ரிங்கிட், பேட்டரி 89 விழுக்காடு. 13க்கு உடனே பேட்டரி மாற்ற வேண்டும். அதற்கு 400 ரிங்கிட் என்று வைத்தால், மொத்தம் 1,700. மலிவு என்று நினைத்ததுதான் விலை கூடியது.

இப்போது 13இன் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று வையுங்கள். 300 ரிங்கிட் இடைவெளியை 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 8 ரிங்கிட் 33 சென். நல்ல முன்பக்கக் கேமரா, கூடுதல் ரேம், எளிதாக மாற்றக்கூடிய பின்கண்ணாடி ஆகியவற்றுக்கு மாதம் எட்டு ரிங்கிட் கொடுக்கலாமா? சிலருக்கு ஆமாம், சிலருக்கு இல்லை. ஆனால் இப்போது உங்கள் கையில் இருப்பது உங்கள் கணக்கு. கடைக்காரரின் பேச்சு அல்ல. பேட்டரி மாற்றும் உண்மையான கட்டணத்தை வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் டிஆர்எக்ஸ் வணிக வளாகத்தில் ஆப்பிள் கடையே திறந்துவிட்டது, இணையத்திலும் கேட்கலாம்.

பணம் கொடுக்கும் நேரம்

தனியாரிடம் வாங்கினால், கேஎல் சென்ட்ரல் மாதிரி ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், பகலில் சந்தியுங்கள். முன்பணம் அனுப்பாதீர்கள். விற்பவரின் வங்கிக் கணக்கையும் தொலைபேசி எண்ணையும் காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள்; அவற்றின் மீது புகார் வந்திருந்தால் தெரியும். பணம் போன பிறகுதான் மோசடி என்று புரிந்ததா? உடனே 997க்கு அழையுங்கள். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்.

விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்குவது தண்டனைச் சட்டத்தின் 411வது பிரிவின் கீழ் குற்றம். பெட்டி, பழைய ரசீது, விற்பவரின் பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு ஆகியவை உங்களைக் காப்பாற்றும்.

கடையில் வாங்கினால் மாடல், ஐஎம்இஐ, உத்தரவாத நாள்கள் எழுதிய ரசீது கேளுங்கள். தகராறு வந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு கொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. ஆனால் அது வணிகர்களுக்கு எதிரான புகாருக்குத்தான். ரயில் நிலையத்தில் சந்தித்த தனிநபர் ஏமாற்றினால் அங்கே போக முடியாது. கடை விலை கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, அப்போ எத எடுக்கிறது?

வாட்ஸ்அப், வங்கி, பாட்டு, பகல் நேரப் படம் என்று போகிற வாழ்க்கைக்கு நல்ல பேட்டரியுள்ள ஐபோன் 13 போதும். செல்ஃபி, வீடியோ, இரவுப் படம், கேம் என்றால், இடைவெளி 300 ரிங்கிட்டுக்குள் இருக்கும்போது 14. அதற்கு மேல் கேட்டால் 13 ப்ரோவையும் விசாரியுங்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும், முந்தையவரின் கணக்கு வெளியேறாத செட் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். அடுத்த வாரமும் விளம்பரம் வரும். போன சம்பளம் திரும்பி வராது.