தாருக்கு அடியில் ஒரு வாக்காளர் பட்டியல்

சிங்கப்பூரின் சாலைச் சந்திப்புகளில் நிறுத்தக் கோட்டை ஒட்டித் தரையை உற்றுப் பார்த்தால், தாரில் யாரோ ஸ்கேல் வைத்துக் கீறியதுபோல் கட்டங்கள் தெரியும். விரிசலை அடைத்த ஒட்டு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடலாம். அந்தக் கீறலுக்குள் செம்புக் கம்பி சில சுற்றுகளாகச் சுற்றிக் கிடக்கிறது. அந்த ஊர் சிக்னல்களை 1988 முதல் நடத்திவரும் 'கிளைட்' என்ற அமைப்புக்கு வாகனத் தகவல் இப்படிப்பட்ட கம்பிகளிலிருந்துதான் போகிறது. எந்தப் பக்கம் வண்டி காத்திருக்கிறது, பச்சை விழுந்தபின் வண்டிகள் எவ்வளவு நெருக்கமாகக் கடக்கின்றன, ஆளே இல்லாத பக்கத்துக்குப் பச்சை வீணாக எரிகிறதா என்பதெல்லாம் அதற்கு இப்படித்தான் தெரியவருகிறது. அதாவது கம்பி சொன்னால்தான் வண்டி உண்டு. கம்பிக்குத் தட்டுப்படாதவர் அந்தச் சந்திப்பில் இருந்தும் இல்லாதவர். சாலையில் உணரி பதிப்பதை டெண்டர், கருவி, மென்பொருள் என்று பேசியே பழகிவிட்டோம். அதை வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் வேலையாகப் பார்ப்பதே சரி என்பேன். யார் பெயர் விடுபடுகிறது என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

இந்தக் கருவிகளின் வரலாற்றிலேயே அதற்கான சாட்சி இருக்கிறது. 1928-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சார்லஸ் ஆட்லர் என்பவர் வைத்த சிக்னல், ஹாரன் சத்தம் கேட்டால் விளக்கை மாற்றும். வண்டியோட்டி வந்து நின்று ஒலியெழுப்ப வேண்டும். கம்பத்தில் உள்ள மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். (நம் ஊர்ச் சந்திப்பில் வைத்திருந்தால் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை கேட்டிருக்கும்.) ஏறத்தாழ அதே காலத்தில் சக்கரத்தின் அழுத்தத்தை உணரும் தகடுகளும் சாலையில் பதிக்கப்பட்டன. சிக்னல் வண்டியின் எடையைப் பார்க்கிறது என்ற நம்பிக்கை இன்றுவரை பலரிடம் இருப்பதற்கு அந்தத் தகடுகள் காரணமாக இருக்கலாம். 1960-களில் பரவிய கம்பிச் சுருளுக்கோ எடையைப் பற்றி எதுவும் தெரியாது. சாலையோரப் பெட்டி அதற்குள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாறும் மின்னோட்டத்தை அனுப்புகிறது. சுருளுக்கு மேலே ஒரு காந்தப்புலம் எழுகிறது. கார் வந்து நின்றால் அதன் அடிப்பகுதி உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து அந்தப் புலத்தை எதிர்க்கும். சுருளின் தூண்டல் திறன் சற்றே குறையும், அலைவின் அதிர்வெண் சற்றே கூடும். பெட்டிக்குக் கிடைக்கும் சேதி அந்தச் சிறு மாற்றம் மட்டுமே. காருக்கு அந்த மாற்றம் சில சதவீதம். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சதவீதத்தையும் தொடாது. சைக்கிளுக்கு அதிலும் சிறு பங்கு. பச்சை கிடைக்கட்டும் என்று பைக்கின் அடியில் காந்தத்தை ஒட்டிக்கொள்பவர்கள் மேலைநாடுகளில் உண்டு. அசையாத காந்தத்தால் தூண்டல் திறன் மாறப்போவதில்லை. காந்தம் விற்றவருக்குத்தான் லாபம்.

சைக்கிள் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். சுருளின் நட்டநடுவில் காந்தப்புலம் செங்குத்தாக மேலே எழுகிறது. சைக்கிள் சக்கரமும் செங்குத்தாக நிற்பதால் புலக்கோடுகள் சக்கர வளையத்தை ஊடுருவாமல் பக்கவாட்டில் வழுக்கிப் போகின்றன. ஓட்டுபவர் எத்தனை நேரம் நின்றாலும் பெட்டிக்குத் தெரியாது. அதே சைக்கிளைக் கீறல் கோட்டின் மேலேயே கோட்டோடு சேர்த்து நிறுத்தினால் கதை மாறுகிறது. கம்பியைச் சுற்றி வளையும் புலம் அந்த இடத்தில் கிடைமட்டமாகச் சக்கரத்தைத் துளைக்கும். அலுமினிய ரிம்மில் மின்னோட்டம் பிறக்கும். அரையடி தள்ளி நிற்பதில்தான் சிக்னலுக்குத் தெரிவதும் தெரியாமல் போவதும் இருக்கிறது. சுருளை எட்டு வடிவில் சுற்றினாலோ சாய்கோடு சேர்த்து வெட்டினாலோ நடுவில் நிற்கும் சைக்கிளும் தட்டுப்படும் என்பதைப் பொறியாளர்கள் நெடுநாளாகவே அறிவார்கள். அறிந்தும் பல ஊர்களில் அப்படிச் சுற்றவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. கலிபோர்னியா 2007-இல் சட்டமே இயற்றியது: வண்டி வந்தால் மாறும் வகை சிக்னலைப் புதிதாக வைத்தாலும், பழையதை மாற்றினாலும், அது சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் உணர்ந்தாக வேண்டும். வேறு சில அமெரிக்க மாநிலங்கள் எதிர்த்திசையில் போயின. சிக்னல் கண்டுகொள்ளாவிட்டால் மோட்டார் சைக்கிளோட்டி நியாயமான நேரம் காத்திருந்து, கவனமாகச் சிவப்பைத் தாண்டலாம் என்று அனுமதி கொடுத்தன. பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பட்டியலைத் திருத்துவதற்குப் பதில் பின்கதவைத் திறந்துவிட்ட கதை அது.

அங்கே விதிவிலக்காக இருந்தவர் இங்கே பெரும்பான்மை. இந்தியாவில் பதிவான வாகனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று இரு சக்கர வண்டிகள். சென்னையின் எந்தப் பெரிய சிக்னலிலும் கார்களுக்கும் பஸ்ஸுக்கும் இடையிலான சந்துகளில் டூவீலர்கள் நிரம்பி நிற்க, ஓரத்தில் ஷேர் ஆட்டோவும் மீன்பாடி வண்டியும் இடம்பிடிக்கும். தடத்துக்கு ஒரு சுருள், சுருளுக்கு ஒரு நேரத்தில் ஒரு வண்டி என்ற கணக்கு இங்கே முதல் நிமிடத்திலேயே குழம்பும். ஒரே சுருளின் மேல் ஒரு காரும் மூன்று பைக்கும் நின்றால் பெட்டி அதை ஒரு வண்டி என்றே எழுதும். இரண்டு சுருள்களுக்கு நடுவில் நிற்கும் பைக்கை எழுதவே எழுதாது. ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் பத்தாண்டுக்கும் முன்பே இதற்கு ஓர் அழகான விடை தந்தார்கள். பெரிய சுருளுக்குள் வரிசையாகச் சிறு சுருள்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி அதிர்வெண் கொடுத்தார்கள். சிறு சுருளின் புலம் தரையை ஒட்டியே நிற்கும் என்பதால் சைக்கிள், பைக் சக்கரங்கள் அதற்கு நன்றாகத் தட்டுப்படும். பெரிய சுருளின் புலம் உயர எழும் என்பதால் பஸ்ஸின் உயரமான அடிச்சட்டமும் தப்பாது. எந்தெந்தச் சுருள் எவ்வளவு அசைந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் வந்தது என்ன வண்டி என்று பிரித்துவிடலாம். சுருள் அதே பழைய சுருள்தான். எதிரே உள்ள சாலையைப் பார்த்து அதன் வடிவத்தைத் தீர்மானித்ததுதான் புதுமை.

கருவியைச் சாலைக்கேற்ப வளைப்பானேன், ஓட்டுநர்களைத் தடத்துக்குள் ஒழுங்காக நிற்கவைத்தால் போதாதா என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. தடம் மாறித் திணிப்பதால் விபத்துகள் நேர்கின்றன. ஆனால் மூன்றரை மீட்டர் அகலத் தடத்தில் காருக்குப் பின்னால் கார் போல பைக்குக்குப் பின்னால் பைக் ஒற்றை வரிசையில் நின்றால், இன்று ஒரு பச்சையில் கடக்கும் கூட்டம் மூன்று பச்சை கேட்கும். நம் சாலைகள் இத்தனை வண்டிகளைத் தாங்குவதே சந்துகள் நிரம்புவதால்தான். சிங்கப்பூரை எடுத்துக்காட்டுபவர்கள் அங்கே 1990 முதல் ஏலத்தில் உரிமம் எடுத்தால்தான் புது வண்டி வாங்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒழுங்கு கம்பியால் மட்டும் வந்ததல்ல.

செயற்கை நுண்ணறிவுக் கேமராவும் கைப்பேசித் தரவும் வந்துவிட்ட பிறகு சாலையை வெட்டுவானேன் என்பது இதைவிடக் கனமான கேள்வி. கேமரா பைக்கையும் ஆட்டோவையும் பிரித்தறியும், ஒரே கம்பத்திலிருந்து பல தடங்களைப் பார்க்கும். சாலையைத் தோண்ட வேண்டியதே இல்லை. ஆனால் அதற்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. பஸ்ஸின் மறைவில் நிற்கும் பைக் அதற்குத் தெரியாது. மழை இரவில் ஈரத் தாரில் பளபளக்கும் முகப்பு வெளிச்சம் அதைத் தடுமாறவைக்கும். அதோடு கேமரா வண்டியின் நம்பர் பிளேட்டையும் ஓட்டுபவரின் முகத்தையும் சேர்த்தே பார்க்கிறது. கம்பிச் சுருளுக்குத் தெரிவதெல்லாம் இங்கே ஓர் உலோகம் நின்றது, போனது என்பதுதான். அந்த அறியாமையை நான் ஒரு தகுதியாகவே மதிக்கிறேன். கைப்பேசித் தரவின் நிலையை 2020-இல் பெர்லின் கலைஞர் சைமன் வெக்கர்ட் போட்டு உடைத்தார். 99 கைப்பேசிகளை ஒரு சிறு இழுவண்டியில் போட்டு வெறிச்சோடிய தெருவில் மெல்ல இழுத்துச் சென்றார். கூகுள் மேப்பில் தெரு சிவப்பாகி நெரிசல் என்று காட்டியது. ஊர் முழுவதும் வேகம் எப்படி என்பதற்கு அந்தத் தரவு அருமையானது. இந்த நொடியில் இந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்பது யார் என்பதற்கு அதனிடம் உறுதியான பதில் இல்லை.

சுருளின் உண்மையான பலவீனம் மண்வெட்டி. வைரம் பதித்த வட்ட ரம்பத்தால் தாரை விரல் பருமன்கூட இல்லாத அகலத்தில் அறுத்து, மூலைகளைச் சரித்து (கூர்மையான திருப்பத்தில் கம்பியின் மேலுறை கிழியும்), தூசியைக் காற்றால் ஊதி, ஸ்குரூடிரைவர் படாமல் மழுங்கிய மரக்குச்சியால் கம்பியை அழுத்தி, மெக்கர் என்ற கருவியால் மின்கசிவைச் சோதித்து, அதன்பிறகே கீறலை அடைத்துப் பூச வேண்டும். இவ்வளவு பொறுமையாகப் பதித்ததைக் குடிநீர்க் குழாய்க்கான ஒரு பள்ளமோ, பழைய தாரைச் சுரண்டிப் புதுத் தார் போடும் இயந்திரமோ ஒரு காலையில் அறுத்துவிடும். அறுந்தது யாருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கலே. சுருள் செத்தால், பாதுகாப்பு கருதி, அங்கே எப்போதும் வண்டி நிற்பதாகவே வைத்துக்கொள்ளும்படி பெட்டியை அமைப்பது வழக்கம். விளக்கு மாறிக்கொண்டேதான் இருக்கும்; ஒரு பக்கத்துக்கு மட்டும் காரணமில்லாமல் பச்சை நீளும். ஆகவே உணரி வாங்கும் ஒப்பந்தத்தில் எத்தனை சந்திப்பு என்று எழுதுவதோடு நிற்காமல், எத்தனை சைக்கிளை, பைக்கை, பஸ்ஸை அது பிடிக்கிறது என்று ஆண்டுதோறும் ஆள்வைத்து எண்ணிச் சரிபார்க்கும் விதியையும் சேர்க்க வேண்டும்.

அப்படிச் சரியாக எண்ணினாலும் பாதிக் கிணறு பாக்கி. இந்திய சாலைப் பேரவையின் நகர்ப்புறக் கணக்கில், வண்டிக் கூட்டத்தில் பஸ்களின் பங்கைப் பொறுத்து ஒரு பஸ் 2.2 முதல் 3.7 கார்களுக்குச் சமம். அது அடைக்கும் இடத்துக்கான மதிப்பு. உள்ளே அறுபது பேர் இருந்தாலும் டிரைவர் மட்டும் இருந்தாலும் ஒன்றுதான். நடந்து வருபவர் நிலை இன்னும் மோசம், அவரிடம் உலோகமே இல்லை. ஆனால் காண வேண்டும் என்று முடிவெடுத்த இடங்களில் அவரும் தென்படுகிறார். பிரிட்டனின் சில பாதசாரிக் கடவைகளில் உள்ள உணரி, பாதி வழியில் இருக்கும் ஆள் கரை சேரும்வரை வண்டிகளைப் பிடித்துவைக்கிறது. சிங்கப்பூரில் 2009 முதல், முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை மனிதன் 3 முதல் 13 நொடி வரை கூடுதலாக எரிகிறான். எவ்வளவு கூடும் என்பது சாலையின் அகலத்தைப் பொறுத்தது.