ரயில் விட்டுச்சென்ற சமதளம்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கிலிருந்து ரேஸ் கோர்ஸ் ரோடு வழியாகத் தேக்காவுக்கு வந்து வலப்பக்கம் திரும்பினால் புக்கிட் தீமா சாலை. அதிலேயே சைக்கிளை விட்டால் பத்து கிலோமீட்டருக்குள் ஒரு பழைய இரும்புப் பாலம் தலைக்குமேல் குறுக்கே நிற்கும். அந்தப் பாலத்தின் மட்டத்துக்கு ஏறிவிட்டால் காரும் லாரியும் சிக்னலும் கிடையாது. வடக்கே உட்லண்ட்ஸ் முதல் தெற்கே தஞ்சோங் பகார் வரை நீளும் 24 கிலோமீட்டர் பழைய ரயில்தடம் அது. இன்று அதன் பெயர் ரயில் காரிடார். புல், மண், சரளைக்கல் என்று மாறிமாறி வரும் தரை. தடித்த டயரும் வளைந்த கைப்பிடியும் கொண்ட ‘கிராவல் பைக்’ என்னும் சரளைப்பாதை சைக்கிள்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் குறைவு.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. சிங்கப்பூரின் மிக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று, 163.63 மீட்டர். அதன் உச்சிக்குப் போகும் சாலையில் நடப்பவர்களுக்கே மூச்சு வாங்கும். ரயில் காரிடார் அதே குன்றின் காலடியை உரசிக்கொண்டு போகிறது, ஆனால் ஏற்றம் ஏறுகிறோம் என்பதே மிதிக்கும் காலுக்குத் தெரிவதில்லை. குன்றுகளுக்கு நடுவே இத்தனை சமமான வழி எப்படி வந்தது?

விடை ரயிலின் பலவீனத்தில் இருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது கிட்டத்தட்ட எதுவுமே அதைத் தடுப்பதில்லை. ஒரு டன் எடையுள்ள பெட்டியைச் சமதளத்தில் உருட்டிக்கொண்டிருக்க இரண்டு கிலோ விசை போதும். ஆனால் நூறு மீட்டருக்கு ஒரே ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் வந்தால் அதற்கு மட்டும் இன்னொரு பத்து கிலோ விசை வேண்டும். இரண்டு, பன்னிரண்டாகிவிடுகிறது. நம் கண்ணுக்கே தெரியாத ஏற்றம், எஞ்சினுக்கு ஆறு மடங்குச் சுமை. போதாக்குறைக்கு, வழுவழுப்பான இரும்புக்குப் பிடிமானமும் குறைவு. மழையில் நனைந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

இதன் எல்லையை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் மேட்டுப்பாளையம் போகலாம். நீலகிரி மலை ரயில் கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் ஏறுகிறது. வெறும் சக்கரத்தால் அது ஆகாது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டையைப் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும்படி செய்தார்கள். அப்படிப் பல்சக்கரம் வைக்க முடியாத இடங்களில் பொறியாளர்களுக்கு ஒரே வழிதான். மேட்டை வெட்டு, பள்ளத்தை நிரப்பு, முடியாத இடத்தைச் சுற்றிப் போ.

சிங்கப்பூரில் அந்த வேலை 1903-இல் திறந்த முதல் ரயில்பாதையோடு தொடங்கியது. 1932-இல் தடம் தெற்கே திருப்பிவிடப்பட்டு, தஞ்சோங் பகார் நிலையம் திறந்தது. புக்கிட் தீமாவின் இரும்புப் பாலங்களும் அந்த மாற்றத்தோடு வந்தவைதான். இந்தத் தடத்தில் உழைத்தவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே தொழிலாளர்கள் 1930-களில் எழுப்பிய முனீஸ்வரன் கோயில் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய ஆலயமாக நிற்கிறது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் போனது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிச்சென்றார். பிறகு தண்டவாளத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். வெட்டிய மேடும் நிரப்பிய பள்ளமும் மட்டும் அப்படியே இருக்கின்றன. நியூசிலாந்தின் ஒட்டாகோ மலைப்பகுதியில் இதே போலக் கைவிடப்பட்ட 152 கிலோமீட்டர் ரயில்தடம் 2000 முதல் சைக்கிள்பாதையாக இருக்கிறது. மலைநாட்டில் சாதாரணக் கால்களும் நெடுந்தூரம் மிதிக்க முடிவதற்குக் காரணம் அங்கேயும் ரயிலின் அதே இயலாமைதான்.

எவ்வளவு லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். நூற்றுக்கு ஒன்று என்ற ரயில் ஏற்றத்தில், உயரத்துக்காக மட்டும் நாம் கூடுதலாகத் தர வேண்டியது சுமார் 33 வாட். நூற்றுக்கு எட்டு என்ற மலைச்சாலையில் அதே வேகத்துக்கு 260 வாட். பயிற்சி இல்லாத ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து நூறு, நூற்றைம்பது வாட் கொடுத்தாலே பெரிது.

இனி தரையைக் குனிந்து பார்ப்போம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆற்றுக் கூழாங்கல்லைக் கொட்டி அதன்மேல் சைக்கிள் விட்டால் சக்கரம் புதையும். உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு விலகிவிடும். குவாரியில் உடைத்த ஜல்லி அப்படியல்ல. அதன் கூரான முனைகள் பக்கத்துக் கல்லின் முகத்தில் போய்க் கொக்கிபோட்டுக்கொள்ளும். மேலிருந்து அழுத்த அழுத்தப் பூட்டு இறுகும். புக்கிட் தீமா குன்றே இருபது கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கருங்கல். ஹிண்ட்ஹீட் குவாரி போன்ற இடங்களில் அதை வெட்டி உடைத்துத்தான் இந்த ஊர் ஒரு காலத்தில் சாலையும் கட்டடமும் போட்டது.

ஒரே அளவு ஜல்லியை மட்டும் கொட்டினால், அந்தக் குவியலில் பத்தில் நான்கு பங்கு வெறும் காற்று. அதனால் பெரிய கல்லின் சந்துக்குச் சிறிய கல், அதன் சந்துக்கு மணல், அதற்கும் நடுவே கல்தூள் என்று படிப்படியாகக் கலந்து ரோலர் ஓட்டுவார்கள். காற்றின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். சிமென்ட்டும் தாரும் சேர்க்காமலே தரை கெட்டியாகிறது. இந்தக் கலவையில் பசையாக இருப்பது தண்ணீர்! ஈரம் கொஞ்சமாக இருக்கும்போது, இரண்டு துகள்கள் தொடும் இடத்தில் மெல்லிய நீர்ப்பாலம் உருவாகிறது. நீரின் மேற்பரப்பு சுருங்கப் பார்க்கும் விசை அந்த இரண்டையும் சேர்த்து இழுக்கிறது. முற்றிலும் காய்ந்தால் பாலம் அறுந்து புழுதி பறக்கும். தண்ணீர் நிரம்பி வழிந்தாலோ பாலங்கள் எல்லாம் மறைந்து, துகள்கள் மிதந்து, சேறு.

சைக்கிள் டயருக்கு வருவோம். சாலைச் சைக்கிளின் மெல்லிய டயரில் 90 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு அழுத்தம் அடைப்பது வழக்கம். 40 மில்லிமீட்டர் அகலமுள்ள சரளை டயருக்கு 35 போதும். ஒரு சக்கரத்தின்மேல் 40 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 90-இல் தரையைத் தொடும் பரப்பு ஒரு சிங்கப்பூர் டாலர் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. 35-இல் மூன்று நாணயங்களுக்கும் மேல். கெட்டியான டயர் ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளையும் ஆளையும் தூக்கித் தூக்கிப் போடும். முன்னே போக வேண்டிய சக்தி, உடம்பின் தசைகள் குலுங்கியே வீணாகிறது. மெத்தென்ற டயர் கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு நேராகப் போய்விடும். காற்று குறைந்தால் மிதிப்பது கனக்கும் என்பது தார்ச்சாலையில் சரி. சரளையில், ஓர் எல்லை வரை, காற்று குறைவதே வேகம்.

காற்று குறைந்த டயரில் கல் குத்தினால் உள்ளே டியூப் நசுங்கிக் கிழியும். அதனால் டியூபையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் சில மேசைக்கரண்டி வெள்ளைத் திரவம். முள் குத்தினால் அது ஓட்டை வழியே பீறிட்டு, அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். பல தயாரிப்புகளில் அந்தத் திரவத்தின் உயிர் இயற்கை ரப்பர் பால்தான். மரமும் தன் காயத்தை அதே பாலால்தான் மூடிக்கொள்கிறது. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் ஹென்றி ரிட்லி இங்கே தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை ரிட்லி 1890-களில் வகுத்தார். மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய லட்சக்கணக்கான தமிழர்களின் கத்தி அந்த முறையில்தான் ஓடியது. 1903-இன் முதல் ரயில்தடமும் அந்தப் பூங்காவை ஒட்டித்தான் போனது.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னைக்குச் சுமார் 1,400. எனவே பாதையின் நடுவை இலேசாக உயர்த்தி, நீர் இரு பக்கமும் வழிந்தோட வைப்பது கட்டாயம். பெருமழை கொட்டிய அன்று இந்தத் தடத்தில் சைக்கிளை இறக்காமல் இருப்பது நல்லது. ஊறிய தரையில் டயர் கிழிக்கும் கோடு அடுத்த மழைக்கு வாய்க்காலாகும், கல்தூளை அரித்துக்கொண்டு போகும், பூட்டியிருந்த ஜல்லி தளரும். ஒரு நாள் வெயில் போதும், அதிகப்படித் தண்ணீர் கீழே இறங்கி நீர்ப்பாலங்கள் மறுபடி இறுகிக்கொள்ளும். மறுநாள் டயரில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டு கிளம்பலாம்.