சப்பாத்துக் கடியும் மலைநாட்டுக் கால்களும்

டிசெம்பர் மாதத்துப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலையின் யாத்திரைக் காலம் தொடங்கிவிட்டால், மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரையில், ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கி மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ் ஏறும் ஜனங்களின் வரத்து ஓய்வதில்லை. நள்ளிரவில் நடக்கத் தொடங்கி, 5,000க்கும் மேற்பட்ட படிகளை ஏறி, 2,243 மீற்றர் உயரத்திலுள்ள சிகரத்தில் சூரியோதயத்தைத் தரிசித்துவிட்டு, காலை வெயிலில் இறங்கி வருவோரைப் பார்த்தால், பக்தியிலும் தேகபலத்திலும் சற்றும் குறையாத எத்தனையோ பேர் குதிகாலில் எழுந்த கொட்டைப்பாக்களவு கொப்புளம் ஒன்றினால் நொண்டிக்கொண்டு வருவது தெரியும். சிலர் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலுடன் குளிர்ந்த படிகளில் இறங்குவார்கள். யாத்திரைக்கென்று வாங்கிய சப்பாத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்டேன் என்பதே விசாரிப்போருக்கு அவர்கள் அநேகமாகச் சொல்லும் பதில்.

யாத்திரிகருக்கு இது இரண்டு மூன்று நாள் உபாதை. ஆனால் அவர்கள் பஸ்ஸில் கடந்து போகும் தோட்டங்களிலே, விடிந்ததும் வேலை பகிர்ந்து கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, அங்கிருந்து மலைக்கு ஏறிக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும், லயத்திலிருந்து பாடசாலைக்கு ஒற்றையடிப் பாதையில் நடந்து போய்வரும் பிள்ளைகளுக்கும், மழைக்காலம் முழுவதும் தொடர்கின்ற உபாதை இது. கால் கொப்பளித்துவிட்டதென்று சொல்லி ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழக்க எந்தத் தாயும் துணிவதில்லை. சகித்துப் பழகிப்போன வேதனையை நோயென்று எண்ணும் வழக்கம் நம்மிடம் இல்லாமையால், அதைத் தோட்டத்து மருந்துச்சாலையில் முறையிடுவோரும் அரிது. என் அபிப்பிராயத்தில் இது சகிக்க வேண்டிய அவசியமே இல்லாத வேதனை. அற்பச் செலவிலும் சற்றுச் சிரத்தையிலும் தடுத்துவிடக்கூடியது.

தோலின் மேற்பரப்பு தேய்வதனால் மாத்திரம் கொப்புளம் உண்டாவதில்லை. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் பாதத்தின் எலும்பு உள்ளே முன்னும் பின்னும் அசைய, வெளித்தோலோ காலுறையையும் சப்பாத்தையும் பற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்ட தோலின் உட்படைகள் ஆயிரக்கணக்கான முறை இழுபட்டு, கடைசியில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துபோக, அந்த இடைவெளியில் தெளிந்த நீர் கோத்துக்கொள்கிறது. குதிகாலிலும் உள்ளங்காலிலும் மேல்தோல் தடித்திருப்பதால் அது கிழியாமல் மூடி நின்று நீரைத் தாங்கும். தொடை, இடுப்பு, கெண்டைக்கால் முதலிய மெல்லிய தோலுள்ள இடங்களிலோ நீர் கோப்பதற்கு முன்னரே மேல்தோல் உரிந்து, சிவந்து, எரிச்சலெடுக்கும் புண்ணாகிவிடும். ஈரம் இரண்டையும் மோசமாக்குகிறது. காய்ந்த தோலின்மீது துணி ஓரளவு வழுக்கிச் செல்லும். வியர்வையிலோ மழையிலோ ஊறிய தோல் மிருதுவாகித் துணியைப் பற்றிக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழை வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியாப் பிரதேசங்களை நாள்தோறும் நனைக்கிற மாதங்களில் கால்கள் அதிகம் புண்படுவதற்குக் காரணம் இதுவே.

நம் பாட்டன்மார் சப்பாத்தே போடாமல் இருந்தார்களே, அவர்களுக்குக் கொப்புளம் வந்ததா என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. நடந்து நடந்து தோல் காய்த்துப்போன பாதத்துக்குச் சப்பாத்துக் கடி இல்லை என்பது மெய்தான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்த காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளின் ஊடே மாத்தளை வரை நடந்தவர்களில் எத்தனையோ பேர் பசியிலும் நோயிலும் வழியிலேயே மடிந்தார்கள் என்பதை அறிந்தவர்கள், அந்த வெறுங்கால் காலத்தை ஆரோக்கியத்தின் பொற்காலமென்று சொல்லமாட்டார்கள். தேயிலை வந்த பின்னரும் கொக்கிப்புழு தோட்ட ஜனங்களை வாட்டியது. அதன் இளம்புழு ஈர மண்ணிலிருந்து வெறும் பாதத்தின் தோலைத் துளைத்தே சரீரத்துக்குள் புகுகிறது. அதை ஒழிப்பதற்காக அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் மன்றம் 1916ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டங்களிலே ஓர் இயக்கத்தையே தொடங்க வேண்டியிருந்தது. ஆகையால் சப்பாத்தைக் கழற்றி எறிவது பரிகாரமாகாது. காலுக்கு இசைந்த சப்பாத்தைப் போட வேண்டும்.

பிள்ளைகளின் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தை எடுத்துக்கொள்வோம். வளர்கிற பிள்ளை அடுத்த வருஷமும் போடட்டும் என்று தாய் ஓர் அளவு கூட்டி வாங்குகிறாள். வறுமையிலே பிறந்த அந்த யோசனையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் தளர்ந்த சப்பாத்தினுள் குதிகால் எழும்பி இறங்கிப் பின்விளிம்பில் உரசும். அடியில் தடித்த உள்ளட்டை ஒன்றைப் போட்டு, கயிற்றைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டினால் அந்த அசைவு பெரிதும் அடங்கும். அதைவிடப் பெரிய சங்கடம் உலர்த்துவது. மாலையில் நனைந்து வந்த சப்பாத்தைக் கழுவி, வெள்ளை பூசி, விறகடுப்பின் ஓரத்தில் ஒட்டி வைத்தால், விடிந்ததும் வெளித்துணி விறைத்து, அடிப்பசை விட்டு, விரற்பகுதியினுள் மாத்திரம் ஈரம் தங்கியிருக்கும். விறைத்த அந்த விளிம்பு பாடசாலை போய்ச் சேருவதற்குள் குதிகாலை அராவிவிடும். அதற்குப் பதிலாக உள்ளட்டையைத் தனியே எடுத்துக் காயப்போட்டு, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி நுனிவரை திணித்து, படுக்கப் போகுமுன் ஒரு தடவை தாளை மாற்றி, நேர்ச்சூடு படாத உயரத்தில் சரித்து வைக்கலாம். காலையில் பின்விளிம்பை விரல்களால் நன்றாகப் பிசைந்து இளக்கிய பின்பே பிள்ளையின் காலில் போட வேண்டும். காய்ந்த காலுறை ஒரு சோடி புத்தகப் பையில் இருக்குமானால், பாடசாலையை அடைந்ததும் நனைந்ததை மாற்றிக்கொள்ளலாம்.

கொழுந்து பறிப்போரின் துன்பம் வேறு வகை. அட்டைக்கும் ஈரத்துக்கும் அஞ்சிப் போடுகிற ரப்பர் பூட்ஸ், வெளி நீரை உள்ளே விடாததுபோலவே உள் வியர்வையையும் வெளியே விடுவதில்லை. அதன் மேல்விளிம்பு கெண்டைக்காலைச் சுற்றிச் சிவந்த வளையம் போட்டுவிடும். நீண்ட காலுறையை அணிந்து, அதை விளிம்புக்கு வெளியே மடித்துவிட்டால் ரப்பர் தோலில் படாது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பூட்ஸைக் கழற்றி, விரலிடுக்குகளைத் துடைத்து, சற்று நேரம் காற்றாட விடுவது மிகுந்த பலன் தரும். இடுப்பில் இறுக்கிக் கட்டும் படங்கு, நனைந்த உடுப்போடு சேர்ந்து உரசுகிற இடங்களில், மலைக்கு ஏறுமுன்னரே வஸலினோ தேங்காயெண்ணெயோ தடவிக்கொள்ள வேண்டும். எண்ணெயானால் மத்தியானத்தில் மறுபடியும் பூசுவது அவசியம். பூட்ஸ் கொடுக்கும் நிர்வாகங்கள் ஒவ்வொருத்தியின் கால் அளவையும் கேட்டறிந்து கொடுப்பது அவர்கள் செய்ய வேண்டிய கடமை.

புதுச் சப்பாத்து வாங்கப் போகிறவர்கள், நாள் முழுவதும் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் பிற்பகலில் போவது உத்தமம். போடப்போகும் காலுறையோடு அணிந்து பார்த்து, நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரலின் அகலம் இடமிருக்கிறதா என்று நிச்சயித்துக்கொண்டு, யாத்திரைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே தினமும் சிறிது நேரம் போட்டுப் பழக வேண்டும். பருத்திக் காலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கம்பளியோ செயற்கை நூலோ கலந்தது மேல். மெல்லியதொன்றின்மேல் தடித்ததொன்றைப் போட்டால் உராய்வு தோலை விட்டு இரண்டு துணிகளுக்கிடையே போய்விடும். மலையிலிருந்து இறங்கும்போது விரல்கள் சப்பாத்தின் நுனியில் மோதுமாதலால், நகங்களை ஒட்ட வெட்டி, இறங்கத் தொடங்குமுன் கயிற்றை மீண்டும் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. கொப்புளம் எழுமுன்னர் அந்த இடம் சுடும், கூசும். இன்னும் கொஞ்சத் தூரந்தானே என்று நடந்துவிடாமல், அந்த நிமிஷமே உட்கார்ந்து, தோலைத் துடைத்து, சுருக்கமில்லாமல் ஒரு டேப்பை ஒட்டிவிட வேண்டும். விலையுயர்ந்த பிளாஸ்டர் தேவையில்லை. பாலைவனங்களில் பல நாட்கள் ஓடும் 128 வீரர்களைக் கொண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் நடத்தி 2016இல் வெளியிட்ட பரிசோதனையிலே, மருந்துக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் காகித டேப்பை முன்கூட்டியே ஒட்டிய இடங்களில் கொப்புளங்கள் சுமார் 40 சதவீதம் குறைந்தன.

அப்படியும் கொப்புளம் வந்துவிட்டால், சிறியதை உடைக்காமல் மூடிவிடுவதே நலம். மேலே நிற்கும் தோலைவிடச் சிறந்த கட்டு வேறில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தினூடே இழுத்து, நூலை அப்படியே விட்டுவைக்கும் பழக்கம் கிருமிக்கு வழி திறந்துவிடுவதாகும். பெரிதாகி நடக்க முடியாமற்போனால், கையையும் இடத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவி, கொதிநீரில் நன்கு கொதிக்கவிட்ட ஊசியால் ஓரத்தில் மாத்திரம் குத்தி, நீரை மெதுவாக வெளியேற்றி, தோலை உரிக்காமல் சுத்தமான துணியால் மூட வேண்டும். 1924ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி கல்வின் கூலிட்ஜின் 16 வயது மகன், காலுறையில்லாமல் டென்னிஸ் ஆடியதால் விரலில் எழுந்த ஒரு கொப்புளத்தின் வழியே கிருமி இரத்தத்தில் கலந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் இறந்துபோனான். பெனிசிலின் அப்போது இல்லை. இன்று மருந்து இருக்கிறது, காலதாமதந்தான் ஆபத்து. புண்ணைச் சுற்றிச் சிவப்புப் படர்ந்தாலும், சீழ் கட்டினாலும், தொடையிடுக்கில் நெறி கட்டிக் காய்ச்சல் கண்டாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கலாமாதலால், அவர்கள் கொப்புளத்தில் ஊசி படவே விடாமல் நேராக வைத்தியரிடம் காட்டுவதோடு, தினமும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்கால்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் தெளிவில்லாதவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.